மாமனுக்கு நாலு துளை

ஜெர்மனிக் குளிரையும் மொழியையும் ஒருவழியாகச் சகித்துக்கொண்டேன். கழிப்பறையைத்தான் இன்றுவரை சகிக்க முடியவில்லை. இங்குள்ள பழைய வீடுகளில் பீங்கான் கோப்பைக்குள் ஒரு தட்டு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாம் கழிப்பது நேராகத் தண்ணீரில் விழாது. அந்தத் தட்டில் உட்கார்ந்துகொண்டு, சங்கிலியை இழுக்கும்வரை நம் மூக்குக்குக் கீழேயே இருக்கும். எதற்கு இப்படி ஒரு ஏற்பாடு என்று தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் ஜெர்மானியரிடம் ஒருமுறை கேட்டேன். "உடம்பு சரியாக இருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொள்ள வேண்டாமா?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அதுவும் மதியச் சாப்பாட்டு மேசையில், பன்றி இறைச்சியை வெட்டிக்கொண்டே. நான் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். போடிநாயக்கனூரில் நாங்கள் ஒதுங்கிய இடமும் ஒன்றும் பூந்தோட்டம் இல்லை, கொட்டக்குடி ஆற்றங்கரைதான். ஆனாலும் வேலை முடிந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம்.

என் மனைவி ரோசம்மா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள், மலையாளக் கிறிஸ்தவக் குடும்பம். நான் போடியில் ஏலக்காய்க் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவில் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு வீட்டிலும் எங்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் புறப்பட்டாள், அவள் பின்னாலேயே நானும் வந்து சேர்ந்தேன். அந்த நாட்களில் என்னோடு பேச்சை விடாமலிருந்தவள் என் தங்கை செல்லத்தாய் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு, ஊரில் எனக்கென்று இருக்கும் ஒரே வாசல் அவளுடையது.

பல வருடம் காத்திருந்து செல்லத்தாய்க்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எண்பதுகளின் கடைசியில், குழந்தை ஓடியாடத் தொடங்கியதும், காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். கூடப் பிறந்த மாமன் நான் ஒருவன்தான். போனில் செல்லத்தாய் கத்திப் பேசினாள். "ஒரு மாசம் முன்னாடியே வந்துருண்ணே. கிடா புடிக்கணும், சீர் வாங்கணும், அம்புட்டுச் சோலி கெடக்கு. ஓன் மடி இல்லாம நான் சபையில நிக்க மாட்டேன், ஆமா." டிக்கெட்டும் எடுத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் வயிறு தன் வேலையைக் காட்டியது. வலது விலாவுக்குக் கீழே அரிவாள்மனையை வைத்து அழுத்துவது போல ஒரு வலி, முதுகைத் துளைத்துக்கொண்டு தோள்பட்டை வரை போனது. வாந்தி எடுத்து எடுத்துக் கடைசியில் பச்சையாக, நாக்கைச் சுருட்டும் கசப்பாக வந்தது. மறுநாள் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தேன். ரோசம்மா வாசலில் நின்றிருந்தாள். "சங்கிலிய இழுத்து வெள்ளம் விட்டீங்களா? இனி விடாதீங்க, நான் ஒண்ணு நோக்கணும்" என்றாள். அடுத்த முறை உள்ளே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "களிமண்ணு மாதிரி வெளுத்துப் போச்சு. இது பித்தப்பைக் கல்லாக்கும்" என்று ஜன்னலைத் திறந்தாள். கட்டிய மனைவி அந்தத் தட்டைக் குனிந்து பார்த்து நோய் கண்டுபிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டேனே என்று எனக்கு உடம்பு கூசியது. அவள் சொன்னது சரி. ஸ்கேனில் கல் தெரிந்தது.

வயிற்றை அறுக்கப் போகிறார்கள், வரத் தாமதமாகும் என்று தங்கைக்குப் போனில் சொல்லிவிட்டு, ரோசம்மா வேலை பார்த்த மருத்துவமனையிலேயே சேர்ந்தேன். டாக்டர் இரண்டு வழி சொன்னார். பழைய வழியென்றால் வயிற்றை நீளமாகக் கிழித்து எடுப்பது, அதற்குப் பிறகு ஊர்ப் பயணத்தையெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான். மற்றது புதிதாக வந்த வழி. வயிற்றில் நான்கு சிறிய துளை போட்டு, உள்ளே காற்றை அடைத்து உப்ப வைத்து, ஒரு துளையில் கேமராவை விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே அறுப்பார்களாம். கேட்கும்போதே குமட்டியது. ஆனால் சீக்கிரம் எழுந்துவிடலாம் என்றார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"பாரம் தூக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

"நான் தூக்க மாட்டேன். உட்கார்ந்திருப்பேன். குழந்தையை என் மேல் உட்கார வைத்துக் காதில் துளை போடுவார்கள்."

"குழந்தைக்குக் காதில் என்ன வியாதி?"

"வியாதி ஒன்றுமில்லை."

டாக்டர் ரோசம்மாவைப் பார்த்தார். அவள் என்னைவிட நல்ல ஜெர்மனில் நெடுநேரம் விளக்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உங்கள் குடும்பத்தில் மடி ஒன்றுதானா? வேறு யாராவது உட்காரட்டுமே" என்றார். நல்ல மனிதர், நியாயமாகத்தான் பேசினார். நான் புதிய வழிக்கே கையெழுத்துப் போட்டேன்.

அறுவை முடிந்து கண் விழித்தால் வயிற்றைவிடத் தோள்பட்டை வலித்தது. அடைத்த காற்றில் மிச்சம் மேலே ஏறி நிற்கிறதாம். வலிக்கிறது என்றேன். நர்ஸ் மெழுகில் செய்தது போல ஒரு மருந்தைக் கொண்டுவந்து, என்னைப் புரண்டு படுக்கச் சொன்னாள். 'ட்ஸெப்ஃஷென்' என்று பெயர். வாயிருக்கும்போது இந்த நாட்டில் மருந்தை எந்த வழியாகக் கொடுக்கிறார்கள் என்பதை நாகரிகம் கருதி எழுதாமல் விடுகிறேன். அதன் பிறகு வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி வந்தேன். மாலையில் 'ஆபெண்ட்ப்ரோட்' என்று சில்லிட்ட ரொட்டி வந்தது, கூடவே கால் நாற்றம் அடிக்கும் பாலாடைக்கட்டி. அந்தத் தட்டுக்குப் பக்கத்திலேயே நர்ஸ் சிரித்த முகத்தோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை வைத்தாள். உள்ளே என் கற்கள், வறுத்த கொண்டைக்கடலை மாதிரி. எல்லோரும் இதை ஞாபகமாக வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம். அடுத்த கட்டில் பெரியவர் அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்து, "அழகாக இருக்கிறது" என்று பாராட்டிவிட்டு ரொட்டியைக் கடித்தார். நான் குப்பியைக் குப்பைக் கூடையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்தும் சும்மா இல்லை. தொப்புளில் போட்ட துளைதான் ஆற மறுத்தது. இருமினால் அங்கே சுருக்கென்று இழுக்கும். கட்டுத் துணியை மாற்றும்போது வரும் மஞ்சள் கசிவைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எதைச் சாப்பிட்டாலும், எண்ணெய் பட்டிருந்தால் போதும், கழிப்பறைக்கு ஓட்டம். எல்லாவற்றையும் தாண்டி, காதுகுத்துக்கு ஒரு நாள் மீதமிருக்கும்போது போடிக்குப் போய்விட்டேன். ரோசம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் என் பெட்டியின் அடியில் ஒரு வீடியோ கேசட்டை வைத்திருந்தாள். புதிய முறை என்பதால் டாக்டர் அறுவையைப் பதிவு செய்து, கூட வேலை பார்ப்பவள் என்று அவளுக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தார். எதற்கடி இந்தக் கருமம் என்றதற்கு, "உங்க ஆளுங்க கண்ணால கண்டாத்தான் நம்பும்" என்றாள்.

மதுரையிலிருந்து ரயிலில் குலுங்கி இறங்கினால், போடி ரயிலடிச் சாக்கடை எனக்குக் குமட்டியது. பிறந்து வளர்ந்த ஊரில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். தங்கை வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். என் தங்கை மாப்பிள்ளை தவசி கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ஆபரேசன்னாகளே. எங்க, காட்டுங்க மச்சான்."

சட்டையைத் தூக்கினேன். பந்தலில் இருந்த சனம் மொத்தமும் சூழ்ந்துகொண்டது. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டிய விரல்கள் என் வயிற்றை அமுக்கிப் பார்த்தன. ஒருவர் தொப்புளுக்குள்ளேயே விரலை விட்டார். "என்னத்தா இது, அம்மை வடு கணக்கா இருக்கு?" என்றது ஒரு குரல். எதிர்வீட்டு அம்மாள் தன் சேலையை விலக்கி, மதுரையில் கிழித்துத் தைத்த தழும்பைக் காட்டினாள். பூரான் படுத்திருப்பது போல நீளமாக இருந்தது. "இதுதாம்ப்பா ஆபரேசன். நான் ஒரு மாசம் கட்டில விட்டு எந்திரிக்கல. நீ ஏரோப்ளான் ஏறி வந்துருக்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த அருவருப்பில், யார் மேலாவது வாந்தி எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தவசி நிதானமாகச் சொன்னார். "தப்பா நெனைக்காதீக மச்சான். சிலமலை பெருமாளும் மாமன்தான. ஒங்க சித்தப்பா மகன்தான. ஒரு மாசமா கிடா புடிக்கிறது, பாத்திரம் எடுக்குறதுன்னு அவன்தான் நாயா அலையிறான். நாளைக்கு அவன் மடியில ஒக்காத்துறதா சபையில சொல்லியாச்சு. நீங்க ஒடம்பப் பாருங்க."

செல்லத்தாய் காப்பியோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வர முடியலன்னா வர முடியலன்னு சொல்லியிருக்கலாம்ணே. வயித்த அறுத்தாகன்னு என்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? நான் இங்க அழுது, மாரியாத்தாளுக்கு நேந்து…" என்று நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மற்றவர்கள் சிரித்ததைத் துடைத்துப் போட்டிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், சொந்தக்காரர்கள் படம் பார்ப்பதற்காக வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ டெக்கும் டிவியும் பந்தலில் தயாராக இருந்தன. பிள்ளைகள் முன்னால் இடம் பிடித்திருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டேன்.

திரையில் செக்கச் செவேலென்று என் உள்வயிறு வந்தது. ஈரமாக, மினுமினுத்துக்கொண்டு, மஞ்சள் கொழுப்போடு. "சீ" என்று சில பெண்கள் எழுந்தார்கள். பிள்ளைகள் சண்டைக் காட்சி எப்போது வரும் என்று கேட்டார்கள். முதலில் அடையாளம் கண்டவன் பெருமாள்தான்.

"அடேய், ஈரல்டா அது! அந்தா, கீழ தொங்குது பாரு பித்தப்பை."

அவ்வளவுதான், எழுந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். கிடா உரித்துப் பழகிய சனம் அது. பித்தப்பை உடைந்தால் கறி முழுவதும் கசந்துபோகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். திரையில் இடுக்கி அந்தப் பச்சைப் பையைப் பிடித்து இழுக்க, கத்தி ஈரலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தது. பந்தலில் ஆளாளுக்கு ஜெர்மன் டாக்டருக்கு யோசனை சொன்னார்கள்.

"மெதுவாப்பா, மெதுவா. இழுக்காத."

"வெரசா முடிச்சுப் போடு, ஒழுகிறப் போவுது!"

"ஒடச்சுறாத சாமி, கறி பூரா வீணாப் போயிரும்!" என்று பெருமாள் எழுந்தே நின்றுவிட்டான்.

அந்தக் கறி நான்தான். வியர்த்துக் கொட்ட ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை அசிங்கமும் எனக்குள்தான் இருந்ததா, இதை வைத்துக்கொண்டா ஊர்ச் சாக்கடைக்கு மூக்கைப் பொத்தினேன் என்று என் மேலேயே எனக்குக் குமட்டியது. பை உடையாமல் தொப்புள் வழியாக வெளியே வந்து, பின்னாலேயே வெளியே வந்த கேமராவின் முன்னால் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் விழுந்தது. பந்தலில் கை தட்டினார்கள். தவசி என்னிடம் வந்து, "நாலு ஓட்டையில இம்புட்டு வேலையா?" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

செல்லத்தாய் நிலைப்படியில் நின்று கடைசிவரை பார்த்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அந்தப் பைய என்ன செஞ்சாகண்ணே?"

"எரிச்சிருப்பாக. ஆஸ்பத்திரியில அதுக்குன்னு அடுப்பு இருக்கு."

"எரிக்கையில பக்கத்துல நம்மாளு யாரும் நின்னாகளா?"

"அதுக்கெல்லாம் யாரு நிப்பா, செல்லம்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் திரும்பினாள். "நாளைக்கு எங்கண்ணன் மடிதான். பெருமாளண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மறுநாள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, பொட்டிபுரம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலுக்குப் போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தொப்புள் சுருக்கென்றது. குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் வீறிட்டு, இரண்டு காலாலும் என் வயிற்றில் உதைத்தாள். கண்ணில் பூச்சி பறந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு காதும் முடிந்ததும் அழுத களைப்பில் என் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் எச்சிலும் மூக்குச்சளியும் என் சட்டை முழுவதும் ஒழுகியிருந்தன. முந்தைய நாளாக இருந்திருந்தால் துடைக்கத் துணி கேட்டிருப்பேன்.

கிடாய்கள் விழுந்து, கறி வெந்து, பந்தி நடந்தது. கொழுப்பு மிதக்கும் குழம்பின் வாடையே எனக்கு ஆகவில்லை. தள்ளி ஒரு புளியமரத்தடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். செல்லத்தாய் ஒரு கிண்ணத்தில் ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்த சோற்றைக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்தியில் பெருமாள் யாருக்கோ என் அறுவையை விவரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கேக்குறேன்னு கோவிச்சுக்கிறாத. ஒரு துண்ட அங்கன எரிச்சுட்டாக. மிச்சத்த எங்க எரிப்பாக?"

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ரோசம்மா அங்கே இருக்கிறாள், எங்கள் வீடும் அங்கேதான் இருக்கிறது, திரும்பும் டிக்கெட் பெட்டியில் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லலாம். சொன்னால் அது பதிலாகிவிடும்.

"சொல்லுண்ணே" என்றாள் செல்லத்தாய்.

குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை.