கரவானுக்காகப் போட்ட இரண்டு தகடு

அந்த எண்பதுகளில், பிரெஞ்சுத் தலைநகரில் எம்மவர் கூடிய லா சப்பலில் ஒருவருடைய ஊர்த் தொழிலை விசாரித்தறிய வழியில்லை, சொன்னதை நம்பவேண்டியதுதான். யாழ்ப்பாணத்தில் உதிரிப்பாகக் கடையில் சாமான் எடுத்துக் கொடுத்த நான், லொறிக் கராச்சில் மெக்கானிக்காக இருந்ததாக அளந்துவிட்டிருந்தேன்.

மேல்மாடியில் இருந்த மன்னார் அண்ணை அதை நம்பினார். கடைகளுக்குச் சாமான் ஏற்றும் பழைய பிக்கப் ஒன்று அவரிடம் இருந்தது. தன் ஒபரேசன் சுகமாக முடிந்தால் ஆவணி மாதா திருநாளுக்கு லூர்து வருவதாக நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி நேர்ந்திருந்தார். ஊரில் மடு மாதா கோயிலுக்குப் போவதுபோலச் சட்டி பானையோடு போய்த் தங்கிச் சமைக்கவேண்டுமாம். அதற்காக அண்ணை திரான்சியில் வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் பழைய கரவான் ஒன்று வாங்கினார். கொளுவியதும் பிக்கப்பின் பின்பக்கம் குந்திவிட்டது.

"தம்பி, உமக்கு இது தெரியும்தானே?"

"ஓம் அண்ணை. லொறிக்குச் செய்யிறதுதான். பின்சில்லுக்கு மேலை பாரம் தாங்கிற வில்லிலை ரெண்டு தகடு கூடப் போட்டால் எழும்பும்."

நுணலும் தன் வாயால் கெடும். ஒரு ஞாயிறு முழுக்க ஒழுங்கையில் முதுகைத் தரையில் போட்டு மாட்டினேன். பின்பக்கம் எழும்பியது உண்மைதான். தலைகால் தெரியாத சந்தோஷத்தில் அரிசி மூட்டை, கிடாரம், தண்ணீர்க் கான் எல்லாவற்றையும் கரவானின் முன்பக்கத்தில் நானே அடுக்கினேன்.

நாங்கள் மூவரும் லூர்துக்குப் போகும் வழியில், ஓர்லியான் நகரைத் தாண்டியதும் கரவானைக் கொளுவிய இரும்பு வளைந்து விரிசல் விட்டது. வந்த பிரெஞ்சு மெக்கானிக் குனிந்து பார்த்தான். பிக்கப்பின் பின்பக்கம் தாழ்வதுதான் கொளுவிய இடத்தில் பாரம் கூடிவிட்டது என்று வண்டி சொல்லும் விதம். தகடு போட்டு அதன் வாயை அடைத்தவனுக்கு இந்த வேலையே தெரியாது என்றான். பிரெஞ்சு தெரியாத அண்ணை என் முகத்தைப் பார்த்தார்.

"இரும்பு துருப்பிடிச்சுப் போச்சாம், அண்ணை."

"அப்ப உம்மிலை பிழை இல்லை," என்றார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

இரும்பு மாற்ற நாலு நாள் ஆகுமாம், திருநாளோ மறுநாள். அக்கா அழவில்லை. கராச் வளவில் நின்ற கரவானுக்குள் மாதா படத்தை வைத்துச் செபமாலை தொடங்கினார். நான் பின்னால் முழந்தாளில் நின்றேன். கடைசிப் பத்து அருள்நிறை மந்திரத்துக்கு முன் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"இது தம்பிக்காக. பாவம், எவ்வளவு பாடுபட்டவர். அவரின்ரை மனம் நோகக்கூடாது."

அந்தப் பத்தையும், ஒன்றும் விடாமல், சத்தமாக நானும் சேர்ந்து சொன்னேன்.