மாமாவோட கிராபிக்ஸ் கார்டும் அக்கா தச்ச உறையும்

எங்க மாமா பகல்ல பார்சல் ஆபீஸ்ல உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டுவாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, டீ குடிச்சிட்டு பஸ் ஓட்டுவாரு. பஸ்ஸுன்னா நிஜ பஸ் இல்ல, கம்ப்யூட்டர் கேம்ல ஓடற பஸ். தலை நரைச்ச மனுஷன் கேம் ஆடறாரான்னு நீங்க கேக்க வர்றது புரியுது. நானும் கேட்டவன்தான். கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

மாமான்னா என் அக்கா வீட்டுக்காரர். நான் அதே தெருவுல போட்டோவுக்கு பிரேம் போடற கடை வச்சிருக்கேன். அவங்க வீட்ல எது ரிப்பேர் ஆனாலும், எது சண்டை ஆனாலும், முதல்ல மாட்டறவன் நான்தான். எனக்குப் பொறுமை கிடையாதுன்னு தெருவுக்கே தெரியும். ஆனா அந்த வீட்ல என் கோபத்தை யாரும் ஒரு பொருட்டாவே எடுத்துக்கறதில்ல.

மாமா ஒரு காலத்துல மலைப்பாதையில பஸ் ஓட்டினவரு. கொண்டை ஊசி வளைவுல கூட தூங்கற பயணி முழிக்காத மாதிரி திருப்புவாரு. அப்புறம் ஒரு கண்ணுல பார்வை மங்கிப் போச்சு. டாக்டர் கையை விரிச்சுட்டாரு, பஸ் டிப்போவுல சாவியை வாங்கி வச்சுக்கிட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டி மாட்டினவரு, ரொம்ப நாள் வாயே திறக்கல. அப்புறம் ஒரு நாள் சாப்பிடறப்போ திடீர்னு அக்காகிட்ட ஒண்ணு சொன்னாரு.

"கடைசி ஸ்டாப்ல வண்டியை நிறுத்தினதும் திரும்பிப் பார்ப்பேன்மா. யாராவது தூங்கிட்டு இருக்காங்களான்னு. எல்லா சீட்டும் காலியா இருக்கும். ஊரையே ஏத்தி இறக்கினேன், உன்னை ஒரு தடவை கூட ஏத்தல."

அக்கா தையல்காரி. அவ ஏன் ஒரு தடவை கூட ஏறலன்னா, எப்பவும் கையில யாரோட ஜாக்கெட்டாவது பாதியில இருக்கும். அடுத்த மாசம், அடுத்த மாசம்னே காலம் ஓடிப் போச்சு. அவ எழுந்து போய் மெஷின்ல உட்கார்ந்துட்டா. எனக்குத்தான் சோறு இறங்கல.

அதுக்கப்புறம்தான் மாமாவுக்கு இந்த கேம் கிடைச்சுது. பார்சல் ஆபீஸ்ல கூட வேலை பார்க்கறவர் ஒருத்தர் காட்டியிருக்காரு. மலைப்பாதை, வளைவு, உச்சியில ஒரு ஏரி, ஏரிக்கரையில கடைசி ஸ்டாப். மாமா பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை வாங்கி, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேம் ஸ்டியரிங்கையும் வாங்கி, அக்கா துணி வெட்டற மேஜையோட மூலையில மாட்டிட்டாரு. அக்காவை ஒரு தடவை அந்த உச்சிக்குக் கூட்டிட்டுப் போயிடணும், அவ்வளவுதான் அவர் ஆசை. சின்னப் பிள்ளைத்தனம்னு நீங்க நினைச்சா நினைச்சுக்கோங்க.

ஆனா அந்தக் கம்ப்யூட்டர்ல மலையைப் பார்க்கணுமே! பச்சைச் சேறு மாதிரி ஏதோ ஒண்ணு தெரியும். எதிர்ல லாரி வர்றது மோதின அப்புறம்தான் தெரியும். படம் நின்னு நின்னு நகரும்.

"எனக்காவது ஒரு கண்ணுதான் மங்கல். இந்தச் சனியனுக்கு ரெண்டும் மங்கல்"ன்னு மாமா நொந்துக்கிட்டாரு.

கம்ப்யூட்டர் கடைக்காரர் கிட்ட கேட்டோம். "கிராபிக்ஸ் கார்டை மாத்துங்க, படம் கண்ணாடி மாதிரி இருக்கும்"னாரு. சரின்னோம். "புது கார்டு கரண்ட்டை நல்லா தின்னும். உள்ள இருக்கற பவர் சப்ளை தாங்காது, அதையும் மாத்தணும்"னாரு. பொண்ணு பார்க்கப் போனா மாமியாரையும் சேர்த்துக் கூட்டிட்டு வரச் சொல்ற கதையா இருக்கேன்னு எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. மாமா என் தொடையைக் கிள்ளி உட்கார வச்சாரு. கடைசியில பவர் சப்ளையையும் மாத்தி, பழைய கார்டைக் கழட்டி, ரெண்டு ஃபேன் வச்ச புதுசைக் கடைக்காரர் மாட்டறப்போ, மாமா அந்த நல்ல கண்ணைப் பெட்டிக்குள்ளயே விட்டுட்டாரு.

வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டோம். அடேங்கப்பா! இலை தனித்தனியா அசையுது. பஸ் கண்ணாடியில மேகம் ஓடுது. ரோட்டோர மைல்கல்லுல எழுதினதைப் படிக்க முடியுது. மாமா ஹாரன் அடிச்சாரு, குறுக்க வந்த பைக்குக்காரனைப் பார்த்து "வீட்ல சொல்லிட்டு வந்தியாடா?"ன்னு கத்தினாரு. அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? அக்கா மெஷினை நிறுத்திட்டு அவரையே பார்த்துட்டு இருந்தா.

அந்த சந்தோஷத்துலதான் அவ அதைத் தச்சா. தையல் போடற ரூம்ல நூலும் பஞ்சும் எப்பவும் பறந்துட்டே இருக்கும். புது கார்டுக்குள்ள தூசி போயிடக் கூடாதுன்னு, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அளவெடுத்து ஒரு உறை. நீலத் துணி, உள்ள பஞ்சு வச்சு மெத்து மெத்துன்னு, அதுக்கும் உள்ள ஒரு லைனிங். ஸ்விட்ச் இருக்கற இடத்துல, சட்டை பட்டனுக்குப் போடற மாதிரி காஜா எடுத்த ஓட்டை, வயர் போறதுக்குப் பின்னாடி அடிவரைக்கும் ஒரு பிளவு. அதனால கேம் ஆடறப்போ கூடக் கழட்ட வேண்டாம். முன்பக்கம் மாமா கடைசியா ஓட்டின பஸ்ஸோட நம்பரை மஞ்ச நூல்ல எம்ப்ராய்டரி பண்ணியிருந்தா. மாமா அந்த நம்பரைத் தடவித் தடவிப் பார்த்தாரு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் பயணம். அக்கா நாற்காலியை இழுத்து மாமாவுக்கு இடது பக்கம் போட்டு உட்கார்ந்தா. நான் பின் சீட்டு, அதாவது துணி மூட்டை மேல. பஸ் கிளம்புச்சு, அடிவாரம் தாண்டுச்சு, வளைவு வளைவா ஏறுச்சு. உச்சிக்கு இன்னும் கொஞ்சம்தான், ஒரு கோயில் மணி மாதிரி பாறை தெரியற வளைவு. பொட்டுனு எல்லாம் இருட்டாயிடுச்சு. கம்ப்யூட்டர் அணைஞ்சு போச்சு.

"வண்டி பிரேக்டவுன். பயணிகள் இறங்கித் தள்ளணுமா?"ன்னு அக்கா சிரிச்சா.

மறுநாள் நான் வண்டியில பெட்டியை மடியில வச்சு மாமாவைப் பின்னாடி உட்கார வச்சு, சே, மாத்திச் சொல்றேன், மாமா மடியில பெட்டியை வச்சுப் பின்னாடி உட்கார, நான் ஓட்டிட்டு கடைக்குப் போனேன். உறையை மாமா பத்திரமா வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டாரு, ரோட்டுல அழுக்காயிடுமாம். கடைக்காரர் பெரிய பெரிய கேமா போட்டு ஓட விட்டுப் பார்த்தாரு. ஒரு குறையும் இல்ல. "கார்டு கல்லு மாதிரி இருக்கு"ன்னுட்டாரு.

அடுத்த ஞாயிறு. அதே மலை, அதே பாறை, அதே பொட்டு. அக்கா இந்தத் தடவை சிரிக்கல. கடைக்காரர் பரம்பரையையே இழுத்து வச்சுத் திட்டினா. "போலி கார்டைத் தலையில கட்டிட்டான். நீங்களும் வாயில விரலை வச்சாலும் கடிக்கத் தெரியாத ஆளு"ன்னு மாமாவுக்கும் ஒரு பங்கு. "நீ கூடப் போய் என்னத்தைக் கிழிச்ச?"ன்னு எனக்கும் ஒண்ணு.

மறுபடி கடைக்குப் போனோம். இந்தத் தடவை மழை தூறிட்டு இருந்ததால உறையோடவே கொண்டு போனோம். கடைக்காரர் உறையைக் கழட்டி வச்சுட்டு சோதிச்சாரு, ஜம்முனு ஓடுது. மாமா திரும்ப அந்த உறையை மாட்டி, கீழே எலாஸ்டிக்கை இழுத்து விட்டாரு. கடைக்காரர் அப்படியே பார்த்துட்டு நின்னாரு.

"அண்ணே, இதைப் போட்டுக்கிட்டா ஓட்டறீங்க?"

"ஆமா. எங்க வீட்டம்மா தச்சது. நல்லா இருக்குல்ல?"

"அண்ணே, உள்ள அடுப்பு மாதிரி சூடாகும்ணே. காத்து போக வழியில்லாம பஞ்சு மெத்தையைச் சுத்தி வச்சா, அது மூச்சு முட்டித் தானா அணைஞ்சுக்கும்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்துச்சு. "அட கடவுளே, இவ்வளவுதானா! வாங்க மாமா, போய் அக்கா கிட்ட சொல்லுவோம்"னு திரும்பினேன். மாமா முகம் வாடிப் போச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"மாப்ள, அவகிட்ட சொல்லாத. ஊருக்கெல்லாம் தைக்கிறா. நான் வீட்டுல முடங்கினப்போ அந்த மெஷினை மிதிச்சே என்னை உட்கார வச்சு சோறு போட்டா. எனக்குன்னு ஆசை ஆசையா அவ தச்சது இது ஒண்ணுதான்டா. இதனாலதான் நின்னுச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அதுக்கு? காலம் பூரா பாறை வளைவுலயே நிப்பீங்களா?"

"ஏதாவது பண்ணலாம்"னாரு. இவர் பண்ணின லட்சணத்தைக் கேளுங்க.

முதல்ல, கை தவறின மாதிரி டீயை உறை மேல கொட்டினாரு. அக்கா அதை அப்பவே துவைச்சு, காய வச்சு, இஸ்திரி போட்டு, பழையபடி மாட்டிட்டா. "இனிமே ஒண்ணு அழுக்கானா இன்னொண்ணு இருக்கட்டும்"னு ரெண்டாவது உறை ஒண்ணும் தச்சுட்டா. அதுலயும் அதே மஞ்ச நம்பர், பஞ்சு மட்டும் இன்னும் கொஞ்சம் தாராளம். அப்புறம் மாமா என்னைத் தூண்டி விட்டாரு. நான் போய், "என்னக்கா, இந்த நீலம் கண்ணை உறுத்துதே, கழட்டிட்டா என்ன?"ன்னேன். "உன் கடையில தொங்கற பிரேமை விடவா?"ன்னு ஒரே போடு போட்டா. வாயை மூடிட்டு வந்துட்டேன்.

சனிக்கிழமை அக்கா கறாரா சொல்லிட்டா. "நாளைக்கு ஒரு தடவை வரேன். நாளைக்கும் நடுவழியில நின்னுச்சுன்னா, சத்தியமா இனிமே உங்க பஸ்ல ஏற மாட்டேன். எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு."

மாமாவுக்கு அது விளையாட்டாப் படல. அன்னிக்கு அவர் சரியாவே சாப்பிடல.

ஞாயிறு மத்தியானம். ரெண்டாவது உறை, தாராளப் பஞ்சு, மஞ்ச நம்பர். பஸ் கிளம்புச்சு. மாமா எப்பவும் இல்லாத வேகத்துல ஓட்டறாரு, சூடேறதுக்குள்ள உச்சியைத் தொட்டுடலாம்னு கணக்கு போல. "ஏங்க, மெதுவா! வயித்தைக் கலக்குது"ன்னு அக்கா நிஜமாவே மேஜையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்குத் துணி மூட்டை மேல இருப்பே கொள்ளல. சொல்லிடவா வேண்டாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வருது. தூரத்துல பாறை தெரிஞ்சுது.

அப்போ பாருங்க, உறையோட ஓரத்துல ஒரு நூல் பிசிறு நீட்டிட்டு இருந்துச்சு. தையல்காரி கண்ணு அதை விடுமா? பிச்சு எடுக்கலாம்னு கையை நீட்டினவ, சட்டுனு பின்னாடி இழுத்தா.

"ஏங்க! என்னங்க இது, இப்படிக் கொதிக்குது?"

மாமா ரோட்டையே பார்த்துட்டு இருந்தாரு. அக்கா மறுபடி உறையைத் தொட்டா, அப்புறம் அடியில கையை விட்டுப் பார்த்தா. அவ முகம் மாறிட்டே வந்துச்சு.

"இதனாலயா நின்னுச்சு?"

மாமா அடுத்த வளைவுக்கு ஸ்டியரிங்கை ஒடிச்சாரு.

"கேக்கறேன்ல? இதனாலயா?" இப்போ என்னைப் பார்த்துக் கேட்டா. என் வாய்தான் ஓட்டை வாயாச்சே.

"கடைக்காரர் அப்பவே சொன்னாருக்கா. மாமாதான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு..."

"வண்டியை ஓரங்கட்டுங்க"ன்னா அக்கா.

மாமா இண்டிகேட்டர் போட்டு, பஸ்ஸை வளைவுல ஓரமா நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கும் போட்டாரு. அப்புறம்தான் அக்கா ஆரம்பிச்சா. "ரெண்டு தடிமாடுங்களுக்கும் வாய்ல என்ன கொழுக்கட்டையா? ஒரு பாவமும் அறியாத கடைக்காரனை என்னென்ன சொல்லி வச்சேன்! டீயை வேற கொட்டறாரு, பெரிய மூளை! சொல்ல வேண்டியதுதானே?"

"ஆசையா தச்ச. எனக்கு மனசு வரலம்மா"ன்னாரு மாமா. தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

அக்கா எழுந்தா. உறையை உருவினா. நூறு பேர் துணியை வெட்டின அந்தக் கத்திரிக்கோலை எடுத்தா. "வேண்டாம்மா, வெட்டாத"ன்னு மாமா பதறினாரு. "நீங்க சும்மா இருங்க"ன்னு பின்பக்கத்தையும் ரெண்டு பக்கவாட்டையும் கரகரன்னு வெட்டி, பஞ்சைப் பிடுங்கி எறிஞ்சா. கொசுவலைத் துணியை அளவா வெட்டி, அந்த இடத்துல வச்சு மெஷின்ல ஓட்டினா. தைக்கிறப்போ புறங்கையால கண்ணைத் தொடச்சுக்கிட்டா, நான் பார்த்தேன். மஞ்ச நம்பர் மேல மட்டும் கத்திரி படவே இல்ல.

அது தச்சு முடியறதுக்குள்ள பெட்டியும் நல்லா ஆறியிருந்துச்சு. வலை வச்ச உறையை மாட்டிட்டு, உள்ளங்கையை வச்சுப் பார்த்தா. ஜிலுஜிலுன்னு இல்லாட்டியும் காத்து வந்துச்சு. நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்து, மேஜையை ரெண்டு தட்டு தட்டினா.

"போலாம், ரைட்!"

மாமா ஹாரனை ஒரு அழுத்து அழுத்தி எடுத்தாரு வண்டியை. பாறை வளைவு வந்துச்சு. நான் மூச்சை அடக்கிட்டு இருந்தேன். தாண்டிட்டோம்! அப்புறம் ஒரு வளைவு, இன்னொண்ணு, சட்டுனு மரம் விலகி ஏரி தெரிஞ்சுது. தண்ணி மேல வெயில் மினுக்குது. அக்கா "அம்மாடி"ன்னா. மாமா கரையோரமா பஸ்ஸைக் கொண்டு போய் நிறுத்தினாரு. கதவு புஸ்ஸுனு திறந்துச்சு.

"கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்கலாம்"னு பழக்க தோஷத்துல சொல்லிட்டு, அதே பழக்க தோஷத்துல திரும்பிப் பார்த்தாரு. அக்கா அசையாம உட்கார்ந்திருந்தா.

"கடைசி ஸ்டாப் வந்துருச்சும்மா."

"தெரியுது. நான் என்ன இறங்கறதுக்கா ஏறினேன்? திருப்புங்க வண்டியை."

மாமா ஸ்டியரிங்கைப் பிடிச்சாரு. ரோடு சரியாத் தெரியலன்னு ரெண்டு கண்ணையும் தொடச்சுக்கிட்டாரு. நான் மூட்டையை விட்டு இறங்கி, கடையைத் திறக்கணும்னு பொய் சொல்லிட்டு வெளியே வந்துட்டேன்.