மைதீன் பிச்சை சொன்ன அடித்தளம்

மைதீன் பிச்சையை எனக்கு இருபத்தாறு வருசமாத் தெரியும். திண்டுக்கல்ல தோல் பதனிடுற ஒரே தோல்ஷாப்புல, ஒரே சுண்ணாம்புக் குழியில நின்னு வேலை பாத்தோம். ஞாயித்துக்கிழமை தொழிற்சங்க ஆபீஸ்ல அரசியல் வகுப்பு எடுக்கிறதும் அவன்தான். "சோறு எங்கேருந்து வருதோ அதுதாம்ப்பா அடித்தளம். சட்டம், சாமி, கல்யாணம், மரியாதை எல்லாம் அதுமேல எழும்பினது. கீழ ஆடுச்சுன்னா மேல அம்புட்டும் ஆடும்"னு மேசையைத் தட்டுவான். நானும் மண்டைய ஆட்டுவேன். ஒரு எழவும் புரியாது.

போன வருசம் தோல்ஷாப்பை மூடிட்டாங்க. நான் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போயிட்டேன். அவனுக்கு இடுப்பு போயிருச்சு, வீட்ல உக்காந்துட்டான். மக ஷமா பஞ்சு மில்லுக்குப் போக ஆரம்பிச்சா.

அவங்க வீட்ல ஒரு வழக்கம். கறி எடுத்தா ஈரல் சம்பாதிக்கிறவுக தட்டுக்குத்தான். ஒருநாள் நான் போயிருந்தப்ப அவன் சம்சாரம் சபிஹா, எப்பவும் அவன் தட்டுக்குப் போற ஈரலை ஷமாவுக்கு வச்சுச்சு. அவன் குழம்பை ஊத்திப் பிசைஞ்சு சாப்பிட்டான். நான்தான் அவன் தட்டையே பாத்துக்கிட்டிருந்தேன்.

ஷமா குழந்தையா இருக்கும்போதே, நத்தத்துல இருக்கிற தன்னோட அக்கா மகனுக்குத்தான் அவளைக் கட்டித் தர்றதுன்னு வாக்குக் கொடுத்திருந்தான். இப்ப தேதி குறிக்கணும்னு அக்கா சொல்லிவிட்டாக. "எனக்கு வேணாம் அத்தா"ன்னு அப்பன்கிட்டயே சொல்லிட்டா ஷமா. சத்தம்கூடப் போடலை. சபிஹாவும், "அவ வேலைக்குப் போகலைன்னா இங்க அடுப்பு எரியுமா? அக்காட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க"ன்னுச்சு.

எனக்குன்னா பத்திக்கிட்டு வந்துச்சு. பெத்தவன் ஒரு அதட்டு போட வேணாமா? ஆனா அந்தப் புள்ள சொன்னதுலயும் தப்பு என்ன இருக்கு, கட்டிக்கிட்டு வாழப்போறது அவதானே.

நத்தம் பஸ்ல என்னையும் கூட்டிட்டுப் போனான். "கோவமாய்யா?"ன்னு கேட்டேன். "கோவம் வந்தாத் தேவலை சோலைமலை. ஒண்ணுமே வரமாட்டேங்குது"ன்னான்.

விசயத்தைக் கேட்டதும் அக்கா எந்திரிச்சுட்டாக. "என்னடா பேசுறே? நீ சொன்னா கேக்கமாட்டாளா? அந்த வீட்ல நீ யாருடா?"

அவன் டீ கிளாஸைக் கீழ வச்சான்.

"அந்த வீட்ல இப்ப உக்காந்து சாப்பிடுறவன்க்கா."

அக்கா அழுதாக. இவன் கண்ணுல ஒரு சொட்டு இல்லை.