பாட்டுக்கு முன்னால் ஒரு குரல்

கிளென் ஈடன் புறநகரில் ஒரு வீட்டு வாசலில், பழைய சாமான்களை விற்கும் கராஜ் சேல். காபிக் கோப்பைகளுக்கும் குடைகளுக்கும் நடுவே ஒரு பெட்டியில் கேசட்டுகள். கிரேக்கத்தில் பிறந்து ஜெர்மனியில் பேராசிரியராக இருந்த ஓர் இசை ஆய்வாளர், தீவு தீவாகப் போய்ப் பதிவு செய்த நாட்டுப்பாடல்கள். கடைசிக் காலத்தில் மகளோடு இருக்க இங்கே வந்தவர், போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். இதையெல்லாம் எனக்குச் சொல்பவர், விற்பனைக்கு ஒத்தாசையாக நிற்கும் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா.

நான் ஒரு கேசட்டை எடுக்கிறேன். நாற்காலியில் அமர்ந்திருக்கும், இறந்தவரின் மனைவி, ஓடுகிறதா என்று பார்க்க அதை வாங்கி டேப் ரிக்கார்டரில் போடுகிறார். ஓர் ஆண்குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ இரண்டு வரி சொல்கிறது. பாட்டு தொடங்குவதற்குள் அந்த அம்மாள் நிறுத்திவிடுகிறார்.

“பாட்டு பிடிக்காதா அக்கா அவங்களுக்கு?”

“அப்பிடியில்லை, தம்பி. ஊர் ஊராப் போய் மற்றாக்களின்ர குரலைத்தான் அந்த மனுசன் பிடிச்சு வச்சவர். பாட்டுக்கு முன்னால ஊரையும் பேரையும் சொல்லுறார் பாருங்கோ, அவற்ர குரல் எண்டு மிஞ்சினது அவ்வளவுதான்.”

கேசட் என் கைக்குத் திரும்பவில்லை. அந்த அம்மாள் அதை நாற்காலிக்கு அடியில் இருக்கும் பையில் போட்டுக்கொள்கிறார்.

காலையிலிருந்து ஒரு கேசட்கூட விற்கவில்லையாம். பெட்டி மட்டும் பாதி காலி.