பக்கம் திருப்பும் இடம்

நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொருவர் காகிதத்திலும் அவரவர் வாசிக்க வேண்டியது மட்டும்தான் இருக்கும். அதனால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பக்கம் திருப்ப மாட்டார்கள். இந்தச் சின்ன விஷயம் எனக்கு இரண்டரை வருடம் தெரியாது. அந்த இரண்டரை வருடமும் நான் அப்படி ஒரு குழுவில் வயோலா வாசித்துக்கொண்டிருந்தேன்.

வயோலா வயலினைவிடக் கொஞ்சம் பெரியது. குரலும் கொஞ்சம் தடித்தது. அது வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பொருந்திப்போன வாத்தியம்.

நான் ஒன்பதாம் வகுப்பு பெயில். மிஷன் ஹாஸ்டலில் இருந்தபோது வார்டன் வயலின் சொல்லிக்கொடுத்தார். அவர் விரலைப் பார்த்து நான் விரலை வைப்பேன், அவ்வளவுதான் பாடம். ரிசல்ட் வந்த அன்று ஹாஸ்டலை விட்டுப் போனேன். பெங்களூரில் கல்யாண பேண்டு செட், ஹூப்ளியில் பேக்கரி, நடுவில் எட்டு மாதம் லாரி கிளீனர், திருப்பதியில் ஒரு லாட்ஜ். எங்கேயும் என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை. அதற்கு முன்பே நான் போய்விடுவேன்.

கடைசியாக ராணிப்பேட்டையில் ஷூவுக்கு உள் அட்டை ஒட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். பசை வாசனையில் முதல் வாரம் தலைவலி. இரண்டாம் வாரம் பசி இல்லை. மூன்றாம் வாரம் வாசனையே தெரியவில்லை. சம்பளத்துக்குப் பிரச்சினை இல்லாததால் இருந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் அறையில் மூன்று பேர் வாசிப்பது கேட்டது. கதவருகே நின்றேன். வயோலாக்காரர் துபாய்க்குப் போய்விட்டார் என்று அங்கேதான் தெரிந்தது.

குழுவை நடத்தியவர் முதல் வயலின் வாசிக்கும் மாஸ்டர். வேலூரில் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார். சும்மா கிடந்த வயோலாவை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தெரிந்த ஞானப்பாட்டு ஒன்றை வாசித்தேன். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் மெட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு அடியில் போனேன். முடிந்ததும் மாஸ்டர் கேட்டார்:

"நோட்டு படிப்பியாப்பா?"

நோட்டு என்றால் அந்த ஐந்து கோடும் புள்ளிகளும்.

"படிப்பேன் மாஸ்டர்."

"நல்லது. நோட்டு தெரியாதவன் என் குரூப்ல உக்கார முடியாது. போன வருஷம் ஒருத்தன் காதுல கேட்டே வாசிப்பேன்னு வந்தான். பேண்டு செட்டுக்குப் போப்பான்னு அனுப்பிட்டேன்."

நான் பேண்டு செட்டிலிருந்து வந்தவன் என்று அவரிடம் சொல்லவில்லை. 'படிப்பேன்' என்ற அந்த ஒரு சொல்லோடு சரி, அதற்குப் பிறகு பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. காரணம் மாஸ்டரின் பழக்கம். அவர் யாரையும் நம்ப மாட்டார். புதுப் பாட்டு எடுத்தால் நான்கு பேருடைய பங்கையும் தானே ஒருமுறை வாசித்துக் காட்டுவார். அதை போனில் பதிவு செய்துகொள்வேன். ஒட்டுகிற வேலைக்குக் கை மட்டும் போதும், காது சும்மாதான் இருக்கும். மறுநாள் சாயங்காலத்துக்குள் என் பங்கு முழுசாக உள்ளே போயிருக்கும்.

மற்ற இருவரில் இரண்டாம் வயலின் வாசிப்பவர் அக்கா. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. தரையில் ஊன்றி முழங்காலுக்கு நடுவில் பிடித்து வாசிக்கும் பெரிய வாத்தியமான செல்லோவை வாசிப்பவர் ஆம்பூர்க்காரர், பாய் என்போம். தோல் கம்பெனியில் தரம் பிரிப்பவர். தோலை மேஜையில் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார். அந்தக் கம்பெனிக்கு வந்திருந்த இத்தாலிக்கார டெக்னீஷியன் ஊருக்குப் போகும்போது செல்லோவைக் கொண்டுபோக முடியாமல் பாயிடம் விட்டுவிட்டுப் போனாராம். அதற்காக நான்கு வருடம் சனிக்கிழமைதோறும் ரயிலேறிச் சென்னைக்குப் போய்க் கற்றுக்கொண்டார்.

நாங்கள் எதையும் வாசிப்போம். காலையில் சர்ச்சில் கல்யாணம், மாலையில் வாலாஜாபேட்டையில் காதுகுத்து, மறுநாள் திருப்பத்தூரில் பள்ளி ஆண்டுவிழா. ஜெர்மன்காரர் எழுதியதும் வரும், வர்ணமும் வரும், சினிமாப் பாட்டும் வரும். துக்க வீட்டில் வாசித்த ஒன்றையே கொஞ்சம் வேகமாக ரிசப்ஷனிலும் வாசித்திருக்கிறோம். இரண்டு இடத்திலும் நன்றாக இருந்தது என்றார்கள். நான் ஓர் ஊரில் இவ்வளவு நாள் இருந்ததில்லை. அந்த நாற்காலிக்காகத்தான் இருந்தேன்.

பாய் வேலை செய்த கம்பெனி புது யூனிட் திறந்தபோது எங்களைக் கூப்பிட்டார்கள். தோல் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வருகிறார்கள், மதியச் சாப்பாட்டின்போது வாசிக்க வேண்டும். ஷாமியானா போட்டு, நான்கு மூலையிலும் ஆளுயர ஃபேன் வைத்திருந்தார்கள். முதல் பந்திக்கு வாசித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். அந்த நேரத்தில் ஃபேனை யாரோ எங்கள் பக்கம் திருப்பிவிட, என் ஸ்டாண்டிலும் பக்கத்தில் இருந்த பாய் ஸ்டாண்டிலும் இருந்த காகிதம் பறந்திருக்கிறது. பிரியாணி பரிமாறிய ஆள் ஒருவர் எல்லாவற்றையும் பொறுக்கி, வரிசைப்படுத்தி, துணி கிளிப் போட்டு வைத்துவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. நல்ல மனிதர். என் காகிதத்தைப் பாய்க்கும் பாய் காகிதத்தை எனக்கும் வைத்துவிட்டார்.

இரண்டாம் பந்தி உட்கார்ந்தது. மாஸ்டர் தலையசைத்தார். ஆரம்பித்தோம்.

செல்லோ கொஞ்சம் தாமதமாகத்தான் உள்ளே வர வேண்டும். வர வேண்டிய இடத்தில் வந்தது, பழக்கத்தில் நான்கு வரி போனது, நின்றது. பாய் தன் ஸ்டாண்டை உற்றுப் பார்த்தார். பிறகு என் ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் முன்னால் இருந்த காகிதத்தைக் கவனமாகப் பார்த்தபடி வயோலாவை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் நாற்காலியோடு என் பக்கம் நகர்ந்தார். செல்லோவின் அடியில் இருக்கும் இரும்பு முள் மேடைப் பலகையில் கீறிக்கொண்டு வந்தது. என் ஸ்டாண்டைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். இவர் ஏன் இங்கே வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. மாஸ்டர் பக்கம் திருப்பினார். வழக்கம்போல் நானும் திருப்பினேன்.

"ஏய், திருப்பாத!" என்றார் பாய் பல்லைக் கடித்துக்கொண்டு.

திருப்பியதைத் திரும்பவும் திருப்பினேன். கொஞ்ச நேரம் போனது.

"இப்போ திருப்பு."

திருப்பினேன்.

"இது என்துப்பா. உன்துல்ல."

அப்போதும் எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது மாஸ்டர் வில்லை நிறுத்தாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை நான் ஒரு சுரம்கூட விடவில்லை. பையர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நான்கு பேரும் நின்றோம். மாஸ்டர் ஒரு பஸ்ஸைப் போக விட்டுவிட்டுக் கேட்டார்:

"எவ்ளோ நாளா?"

"மொதல் நாள்லேர்ந்து மாஸ்டர்."

"எனக்குப் போன வருஷமே தெரியும்" என்றார் அக்கா. "நீங்க திருப்புனா தம்பியும் திருப்பும். தும்முனாகூட திருப்பிடும்போலன்னு நெனச்சிருக்கேன்."

"ஏம்மா சொல்லல?"

"சுருதி சரியா இருந்துச்சு. எதுக்கு பேஜாரு?"

பாய் என் தோளில் கை வைத்து, தோலைத் தடவுவது மாதிரி ஒரு தடவு தடவினார். "மேல் பக்கம் ஃபினிஷிங் பர்ஸ்ட் கிளாஸ் தோஸ்த். அடிப்பக்கம் ஓட்டை."

மாஸ்டர் சிரிக்கவில்லை. "இனிமே பிராக்டிசுக்கு வராத" என்றார். அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அது வேலூர் பஸ்தான். நானும் அதில்தான் போக வேண்டும். போகவில்லை.

முதல் முறையாக ஓர் இடத்திலிருந்து என்னை அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்து எந்தப் பக்கமும் ரயில் இருக்கிறது. மூன்று ரயில் வந்து போனது. எல்லாவற்றிலும் இடம் இருந்தது. நானாகக் கிளம்பும்போது கால் தானாகப் போகும். அன்றைக்கு அப்படிப் போகவில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டு ராணிப்பேட்டைக்கே திரும்பினேன்.

மாஸ்டர் சனிக்கிழமை காலையில் தன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு நோட்டு வகுப்பு எடுப்பார். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கேட்டில் போர்டு இருக்கும். அந்தச் சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்கால் உள்ளே போகவில்லை, ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது. மாஸ்டர் வந்தார், பார்த்தார். போர்டை வெளியே வைத்தவர் அவர்தான்.

"பென்சில் இருக்கா?" என்றார்.

இல்லை. பக்கத்தில் இருந்த பெண் ஒன்று கொடுத்தாள். அவளுக்கு ஏழு வயது இருக்கும். வகுப்பு முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஐந்து மாதம் போனேன். அதற்குள் மாஸ்டர் வேறு வயோலாக்காரரைத் தேடிப் பார்த்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் எங்கேயும் ஆள் இல்லை. மூன்று பேராகவே வாசித்திருக்கிறார்கள், ஏதோ குறைகிறது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், "நாளைக்கு சர்ச்சுல கல்யாணம். வந்துரு" என்றார். பார்க்காத காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார். இந்த முறை வாசித்துக் காட்டவில்லை.

ராத்திரியெல்லாம் புள்ளி புள்ளியாகப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கல்யாணத்தில் என் காகிதம் முடிந்த இடத்தில் நான் மட்டும் தனியாகப் பக்கம் திருப்பினேன். திருப்பிய அவசரத்தில் அடுத்த வரியின் முதல் இரண்டு சுரம் போய்விட்டது.

மாஸ்டர் பார்த்தார்.

முடிந்ததும் பாய் செல்லோவை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "தெரியாதப்போ இன்னும் நல்லா வாசிச்சே தோஸ்த்."

அது உண்மைதான். வியாழக்கிழமை பிராக்டிசுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மாஸ்டரைக் கேட்டேன். வழக்கமான நேரம்தான் என்றார்.