பிஸ்கட் டப்பாவில் இருந்த ரிப்போர்ட்

என் இடது கால் இன்றைக்கும் என்னிடம் இருப்பதற்கு ஒரு தகர டப்பாதான் காரணம். டப்பா என்னுடையது இல்லை. தாராவியில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணாச்சியுடையது. காலையில் இட்லிப் பாத்திரத்தோடு மாட்டுங்கா பக்கம் விற்கப் போகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே அச்சடித்த எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடமாட்டார். எது தேவை, எது குப்பை என்று அவருக்கு எப்படித் தெரியும்? கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு எல்லாம் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும்.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ஓரிடத்தில் ஆறு மாதம் தங்கினாலே அதிகம். ஐரோலியில் கேண்டீன், சூரத்தில் சாயப்பட்டறை, அப்புறம் லாரி. அந்தத் தடவை அஸ்ஸாமிலிருந்து கிளீனராக வந்தேன். ஆறு நாள் கிட்டத்தட்ட உட்கார்ந்தே வந்ததில் இடது கால் வீங்கி, பேண்ட்டைக் கழற்ற முடியவில்லை. அண்ணாச்சி பார்த்துவிட்டு டெங்கு என்றார். போன மழைக்காலத்தில் அவருக்கு டெங்கு வந்து, பிளேட்லெட் அடிமட்டத்துக்கு இறங்கிப் பிழைத்தார். அதிலிருந்து யாருக்கு என்ன வந்தாலும் அவருக்கு டெங்குதான்.

பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை. பிளேட்லெட் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று டாக்டர் சொன்னதும் அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. ரிப்போர்ட்டை நான் அறையில் எங்கோ போட்டேன். ஸ்கேனில்தான் தெரிந்தது, தொடையில் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று.

செம்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நாலு நாள் படுத்திருந்தேன். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டார்கள். வீக்கம் வடிந்தது. ஐந்தாம் நாள் மறுபடி ஏறி, பாதம் நீலம் பாரித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கும் அதே ஊசி. வார்டில் இருந்த இளம் டாக்டர் ஒரு மராத்திப் பெண். இப்படியே போனால் காலை எடுக்க வேண்டிவரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அப்போது சுருக்கென்று இருந்தது. இப்போது அதற்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

மறுநாள் அண்ணாச்சி வியாபாரத்தை முடித்துவிட்டு ஒரு பாட்டிலில் பச்சைச் சாறோடு வந்தார். பப்பாளி இலை, பிளேட்லெட்டை ஏற்றுமாம். தேவ்நாரில் தெரிந்தவர் வீட்டு மரத்தில் பறித்ததாம். நர்ஸ் அதைக் குடிக்கக் கூடாது என்று வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டார். அண்ணாச்சி அசரவில்லை. பிளேட்லெட் எவ்வளவு என்று தன் இந்தியில் டாக்டரைக் கேட்டார். ஒரு லட்சத்து அறுபதாயிரம், நார்மல்தான் என்றார் அவர்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏல, அன்னைக்கு மூணு லட்சத்துச் சொச்சம்னு சொன்னாவல்லா? பாதி எங்கல போச்சு?"

அதை நான் இந்தியில் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். நர்சிங் ஹோம் சீட்டில் அந்த எண்ணே இல்லை. பழைய ரிப்போர்ட் வேண்டும் என்றார். நான் அது குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். அண்ணாச்சி கிளம்பிப் போனார். ஒரு மணி நேரத்தில் டப்பாவோடு வந்து நின்றார். எந்தக் காகிதம் என்று தெரியாததால் டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

என் கட்டிலில் அதைக் கவிழ்த்தார். யாருடைய கல்யாணப் பத்திரிகைக்கோ அடியில் என் ரிப்போர்ட் கிடைத்தது. டாக்டர் அதையும் இன்றைய ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ரத்தம் கட்டியவர்களுக்கு இன்றைய எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, எங்கிருந்து இறங்கி வந்தது என்றும் பார்க்க வேண்டும் என்றார். சில பேர் உடம்புக்கு அந்த ஊசியே ஆகாதாம். பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டியாக்கிவிடுமாம், அதனால்தான் எண்ணிக்கை இறங்குமாம்.

"டெங்குல இது குறைஞ்சா ரத்தம் கசியும்," என்றார். "உங்களுக்கு இது குறையக் குறைய ரத்தம் கட்டிக்கிட்டே போகும்."

அந்த நிமிஷமே ஊசியை நிறுத்தி வேறு மருந்தை ஏற்றினார்கள். அவர் சந்தேகப்பட்டது சரி என்று காட்டும் பரிசோதனை முடிவு மூன்று நாள் கழித்துதான் வந்தது. அதுவரை காத்திருந்தால் கால் போயிருக்கும். இரண்டாம் நாள் நர்ஸ் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு வந்துவிட்டது என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னார். எண்ணும் மெல்ல ஏறியது. எல்லாம் பப்பாளி இலையால்தான் என்கிறார் அண்ணாச்சி. நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லையே என்றால், "ஜன்னல்ல இருந்துச்சுல்லா" என்கிறார்.

இப்போதும் லாரிதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்கிறேன். டிரைவர் கிண்டல் பண்ணுவார், ஆனாலும் வண்டியை நிறுத்திவிடுவார். இந்த ஊசி இவருக்கு ஒருபோதும் போடக் கூடாது என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த சீட்டின் ஜெராக்ஸ் என் சட்டைப்பையில் இருக்கிறது. அசல் தாராவியில். எந்த ஊரில் ரத்தப் பரிசோதனை செய்தாலும் ரிப்போர்ட்டை மடித்து வைத்திருந்து, திரும்பி வந்ததும் அண்ணாச்சியிடம் கொடுக்கிறேன். எண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். போன தடவை எவ்வளவு என்றும் கேட்கிறார். அப்புறம்தான் டப்பாவை மூடுகிறார்.