ரூமுக்குப் பால் காய்ச்சுவாங்களா?

எனக்கு எழுபத்தாறு வயசாச்சு. பெத்தது நாலு, நாலையும் ஆளாக்கிட்டேன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸுல ஊர்ப்பேரைக் கூட்டிப் படிப்பேன். அதுக்கு மேல எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதறா.

ஊடுங்கிற சொல்லைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். அதை நான் எல்லாத்துக்கும் கொடுத்துட மாட்டேன். நாங்க குடியிருக்கிறது ஊடு. பருத்தி வெளைஞ்ச காட்டுல, பனியன் கம்பெனி ஆளுகளுக்குன்னு என் பெரிய மகன் வரிசையாக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறது ரூம். அப்படித்தான் இத்தனை நாளும் பேசிட்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில, கடைசி ரூமுக்குப் புதுசா வந்த தெக்கத்திப் பொண்ணு வாசல்ல வந்து நின்னா. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமே டெய்லர்.

"ஓனரம்மா, பால் காய்ச்சப் போறோம். நீங்க வரணும்."

குழாயடியில பொம்பளைங்க தண்ணி புடிச்சுட்டிருந்தாங்க. அவங்க காதுல விழட்டும்னே சிரிச்சேன். "ஏம்மிணி, ரூமுக்கு யாராச்சும் பால் காய்ச்சுவாங்களா? ஊட்டுக்கில்ல காய்ச்சோணும்!"

அவளும் சிரிச்சா. "ஷிப்டு முடிஞ்சு எங்க போறன்னு கேட்டா, வீட்டுக்குன்னுதானம்மா சொல்லுதோம். எங்க பெரியாளுக யாரும் வர முடியல. நீங்கதான் அடுப்பைப் பத்த வைக்கணும்."

"நானா? நான் தாலியறுத்தவ கண்ணு."

"அதெல்லாம் பாலுக்கா தெரியப் போவுது? நாலு பிள்ளைய வளர்த்த கைதான வேணும். வாங்கம்மா."

என் மகன் பெரிய ஊடு கட்டிப் பால் காய்ச்சுன அன்னைக்கு, அடுப்பைப் பத்த வெச்சது சம்பந்தியம்மா. நான் பொறகால தண்ணித் தொட்டிகிட்ட நின்னேன். யாரும் போகச் சொல்லலீங்க, நானே ஒதுங்கிட்டேன். வாங்கன்னு யாரும் கூப்பிடவும் இல்லை.

போனேன். லைட்டர் சட்டுனு பத்தலை. பால் பொங்குனதும் அவ சின்னப்புள்ளையாட்டம் கை தட்டுனா. முதல் டம்ளர் எனக்குத்தான். குழாயடிப் பொம்பளைங்களும் வந்து வாங்கிக் குடிச்சாங்க. அதுல ஒருத்தி கேட்டா, "ஏனுங்கம்மா, இது ரூம் பாலுங்களா, ஊட்டுப் பாலுங்களா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்காம என் டம்ளர்ல இன்னுங் கொஞ்சம் ஊத்துனா. நான் அவ மூஞ்சியப் பார்க்காம குடிச்சேன்.

அன்னைக்குப் பொழுது சாஞ்சதும் பேத்திகிட்டக் கேட்டேன், ஊடுன்னு ஏன் பேரு வந்துச்சுன்னு.

"வீடுதான் அப்பாயி நம்ம வாயில ஊடாச்சு. விடுங்கிறதுல இருந்து வந்ததாம். அலைச்சலை விட்டுட்டுத் தங்கற எடம்னு காலேஜுல சொன்னாங்க."

"அப்ப அதுல எத்தனை அடி அகலம், யாரு பேர்ல பத்திரம்னு ஒண்ணுமே இல்லியா?"

"அதெல்லாம் இல்ல அப்பாயி."

அது சரியோ தப்போ, படிச்சவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது, நாளைக்கு அந்தப் பொண்ணு ஷிப்டு முடிஞ்சு வர்றப்ப, "ஊட்டுக்கு வந்துட்டியா கண்ணு"ன்னு குழாயடியில எல்லாருக்கும் கேக்கறாப்புல கேக்கோணும்.

சரி கண்ணு, முதல்ல இருந்து படிச்சுக் காட்டு. நான் சிரிச்ச எடத்தை மட்டும் தாண்டிப் போயிராத.